நாணலுக்குள்ளே வைத்தாள்

"கர்த்தருடைய கரத்தில் ஒப்புக்கொடுத்துவிடுங்கள்" என்று துயரத்தில் இருந்த பலரிடம் நானே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, ஒரு கடமையை முடித்த நிம்மதியோடு வீடு திரும்பியும் இருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அதே வார்த்தையை மற்றவர்கள் என்னிடம் சொல்ல வந்தபோதுதான், ஒப்புக்கொடுப்பது என்றால் கைகள் என்ன செய்ய வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது என்று புரிந்தது. இறுக மூடியிருக்கும் விரல்களைத் திறக்கச் சொல்வது எளிது. அந்த விரல்களுக்குள் இருப்பது பெற்ற பிள்ளையாக இருக்கும்போது, அவை மனத்தின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை.

என் மகள் 29-ஆவது வாரத்தில், 1,120 கிராம் எடையில் பிறந்தாள். அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை; யாரோ அவளை எடுத்துக்கொண்டு வேகமாகப் போகும் காலடிச் சத்தம்தான் கேட்டது. நுரையீரலின் சிறு காற்றறைகள் ஒவ்வொரு மூச்சுக்குப் பின்னும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒருவித வழுவழுப்பான பூச்சு தேவைப்படுகிறது என்றும், அது போதிய அளவில் சுரப்பதற்கு ஏறத்தாழ 35 வாரங்கள் ஆகும் என்றும், என் மகள் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டாள் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். "பிழைத்துக்கொள்வாளா?" என்று என் கணவர் கேட்டார். "இந்த வாரம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம்" என்பதே பதிலாக வந்தது. மறு வாரமும் அதே பதில்தான். அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்கும் தெரியாது என்பதே உண்மை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த நேர்மைக்காக இன்றும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அவளை வைத்திருந்த இன்குபேட்டர் என்ற கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு வட்டமான திறப்பு ஒன்று இருந்தது. முழங்கை வரை கழுவிய கையை அதற்குள் விட்டு, விரல்நுனியால் அவளைத் தொடலாம். தடவக் கூடாது, தடவினால் அந்த மெல்லிய தோலுக்கு அது வலியாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே என் உள்ளங்கையை அவள் தலைமீது அசையாமல் குவித்து வைத்திருப்பேன். குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு விடுவதே சில சமயம் மறந்துபோகும். மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிராததுதான் காரணம். அதைத் தூண்டுவதற்குக் காபியில் இருக்கும் அதே கஃபீனை மருந்தாகக் கொடுக்கிறார்கள். மருந்தையும் மீறி மூச்சு நிற்கும். 20 விநாடிகள் கடந்தால் அது கவனிக்க வேண்டிய நிலை. நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்குவேன்: ஒன்று, இரண்டு, மூன்று. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 92-இலிருந்து 86-க்கு இறங்கும், பிறகு 79. எச்சரிக்கை ஒலி எழும். செவிலியர் வந்து அவள் உள்ளங்காலை விரலால் மெல்லச் சுண்டுவார். அவள் திடுக்கிட்டு ஒரு மூச்சு இழுப்பாள். எண்கள் மறுபடி மேலேறும். என் உயிரும் அவற்றோடு இறங்கி ஏறும்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அந்தச் செவிலியர் என் தோளைத் தொட்டு, "மானிட்டரை நாங்க பாத்துக்கிறோம்மா. நீங்க உங்க பிள்ளையப் பாருங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறைக்குள் வந்து மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். ஆனால் பெரும்பாலான நேரம் என் மகளின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. எண்களைத்தான் பார்த்திருந்தேன். நான் கண் எடுத்தால் அவை விழுந்துவிடும் என்பதுபோல, என் பார்வையால் அவற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்நாட்களில் என் ஜெபமும் அப்படித்தான் இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். இன்று ஆக்சிஜன் இறங்கக் கூடாது, எடை இருபது கிராம் கூட வேண்டும், மூளை ஸ்கேனில் இரத்தக்கசிவு எதுவும் தெரியக் கூடாது என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் "உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும்" என்று சேர்த்துக்கொள்வேன். அந்தக் கடைசி வாக்கியம் மரியாதைக்காகச் சொன்னது. அதை ஒருவேளை அவர் உண்மையாகவே எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்ற பயம் உள்ளூர இருந்தது. அவருடைய சித்தம் என்னுடையதோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது? விசுவாசம் என்று நான் இருபது ஆண்டுகளாகப் பெயரிட்டு வைத்திருந்த ஒன்றுக்குள், இவ்வளவு அவநம்பிக்கை குடியிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் காத்திருப்பு அறையில், வேதாகமத்தில் யாத்திராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். ஞாயிறு பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்த கதைதான். ஆண்பிள்ளைகளை நதியில் எறிந்துவிட வேண்டும் என்று எகிப்தின் ராஜாவாகிய பார்வோன் கட்டளையிட்ட காலத்தில், ஒரு தாய் தன் மகனை, பின்னாளில் மோசே என்று பெயர் பெற்றவனை, மூன்று மாதம் ஒளித்து வைக்கிறாள். அதற்குமேல் ஒளிக்க முடியாதபோது, ஒரு நாணற்பெட்டியை எடுத்து, தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசி, பிள்ளையை அதில் கிடத்தி, நதியோரமாய் நாணலுக்குள்ளே வைக்கிறாள். அவளுடைய பெயரைக்கூட அந்த அதிகாரம் சொல்வதில்லை. யோகெபேத் என்பது நான்கு அதிகாரங்கள் கடந்த பிறகுதான் தெரியவருகிறது. சிறு வயதில் இந்தக் கதையில் என் கண் பார்வோனின் குமாரத்திமீதே இருந்தது, அவள்தானே பிள்ளையைக் காப்பாற்றுகிறவள். இப்போது கீல் பூசிய அந்தக் கைகள் மட்டுமே தெரிந்தன.

நாணலைப் பின்னிய பெட்டியில் ஓர் ஊசிமுனை அளவு இடைவெளி விட்டாலும் தண்ணீர் உள்ளே வரும். அவள் எத்தனை முறை பூசியிருப்பாள்? உலர்ந்த பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எங்காவது ஒளி கசிகிறதா என்று பார்த்திருக்க மாட்டாளா? அவள் எதையும் அலட்சியமாக விட்டுவிடவில்லை. நதியின் நடுவில் ஓட்டத்தில் விடாமல், பெட்டி நகராதபடி நாணலுக்குள் செருகினாள். என்ன நடக்கும் என்று அறிய மகள் தூரத்தில் நின்றாள். ஒரு மனுஷியால் செய்யக்கூடிய அத்தனையையும் செய்து முடித்த பிறகு, அவளால் செய்ய முடியாத ஒன்று மிச்சம் இருந்தது. அந்த இடத்தில்தான் அவள் கையை எடுத்தாள். ஒப்புக்கொடுப்பதையும் கைகழுவுவதையும் நான் இத்தனை நாளும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். தேவனை நம்புகிறவர்களுக்கு மருத்துவம் எதற்கு, முன்ஜாக்கிரதை எதற்கு என்று பேசுகிறவர்கள் இந்தக் கீலை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அந்தப் பெட்டியைக் குறிக்கும் எபிரெயச் சொல் 'தேபா'. வேதத்தில் இந்தச் சொல் இரண்டே கதைகளில்தான் வருகிறது: ஒன்று இது, மற்றொன்று நோவாவின் பேழை. நம் தமிழ் வேதாகமம் அங்கே பேழை என்றும் இங்கே நாணற்பெட்டி என்றும் மொழிபெயர்த்திருப்பதால், தமிழில் வாசிக்கும் நமக்கு இந்த உறவு புலப்படாமல் போகிறது. இதை அறிந்த பிறகு நோவாவின் கதையைத் திரும்ப வாசித்தேன். 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் என்று அளவுகள் இருக்கின்றன. உள்ளும் புறமும் கீல் பூசு என்ற கட்டளை இருக்கிறது. ஜன்னலும் கதவும் மூன்று தட்டுகளும் சொல்லப்படுகின்றன. சுக்கான் சொல்லப்படவில்லை, பாயோ துடுப்போ இல்லை. அது ஓட்டிச் செல்வதற்கான கப்பலே அல்ல, மிதப்பதற்கான பெட்டி. அது எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை உள்ளே இருப்பவர்கள் தீர்மானிக்க முடியாது. நாணற்பெட்டியிலும் அப்படியே. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, இல்லாத சுக்கானைத் தேடி என் கைகள் துழாவிக்கொண்டிருந்தன என்று தோன்றியது.

இதை வாசித்த அன்றே எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். அறிவுக்குப் புரிவது ஒரு நிமிடத்தில் நடந்துவிடுகிறது. விரல்கள் திறப்பதற்கு நாட்கள் ஆகின்றன. அவற்றைத் திறக்கப் பழக்கியது, நான் எதிர்பாராத ஒரு காரியம்.

பன்னிரண்டாம் நாள் அவளை என் நெஞ்சின்மீது கிடத்தினார்கள். கங்காரு பராமரிப்பு என்று அதற்குப் பெயர். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளுக்குப் போதுமான இன்குபேட்டர்கள் இல்லாத நெருக்கடியில், எட்கர் ரேய் என்ற மருத்துவர் தாயின் வெற்று மார்பில் குழந்தையை வைத்துக் கட்டும் முறையைத் தொடங்கினார்; இன்று உலகெங்கும் அது பரிந்துரைக்கப்படுகிறது. குழாய்களையும் கம்பிகளையும் ஒதுக்கி, ஒரு துணிக்குள் அவளை என்னோடு சேர்த்துப் போர்த்தினார்கள். ஒரு பறவைக்குஞ்சு அளவு கனம். அவள் மூச்சு என் தோலில் பட்டது. ஒரு மணி நேரம் கழித்து, "இன்றைக்கு இது போதும், உள்ளே வைத்துவிடலாம்" என்றார்கள்.

அந்தக் கணத்தை நான் மறக்க மாட்டேன். அவளை என் நெஞ்சிலிருந்து நானே எடுத்து, நானே பெட்டிக்குள் வைக்க வேண்டியிருந்தது. என் உடல்சூடு அவளிடமிருந்து விலகும்போது அவள் முகம் சுருங்கியது. கண்ணாடிக் கதவு மூடியது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். 51 நாட்கள் அங்கே இருந்தோம்; அவற்றில் ஏறக்குறைய நாற்பது நாட்கள், தினமும் ஒருமுறையோ இருமுறையோ, அவளை எடுத்து, வைத்துக்கொண்டிருந்து, திரும்பக் கொடுத்தேன். ஒப்புக்கொடுத்தல் என்பதை ஒரு கூட்டத்தின் முடிவில் கண்ணீரோடு எடுக்கும் ஒரே தீர்மானமாக நான் கற்பனை செய்திருந்தேன். அது அப்படி நடப்பதில்லை. காலையில் கொடுத்ததை மாலைக்குள் நாமே திரும்ப எடுத்துக்கொண்டிருப்போம், மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவராகிய இயேசுவே மூன்று முறை போய், அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபம்பண்ணினார். ஒரே ஜெபத்தில் அவருக்கே முடிந்துவிடாத ஒன்றை எனக்கு ஒரே ஜெபத்தில் முடிய வேண்டும் என்று எதிர்பார்த்தது என் அறியாமை. ஆகவே பெட்டிக்குள் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினேன்: "இவள் என்னுடையவளாவதற்கு முன்பே உம்முடையவள்." சில நாட்களில் அதை நம்பிச் சொன்னேன். பல நாட்களில் சொல்லிக்கொண்டே நம்ப முயன்றேன்.

எங்களுக்கு அடுத்த பெட்டியில் இன்னொரு குழந்தை இருந்தது. அந்தத் தாயும் நானும் கை கழுவும் இடத்தில் தினமும் சந்திப்போம். அவளும் ஜெபிக்கிறவள், என்னைவிட ஆழமாக ஜெபிக்கிறவள் என்றே சொல்வேன், ஏனென்றால் அவள் தன் பிள்ளைக்காக ஜெபிக்கும்போது என் பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்வாள், எனக்கோ அந்நாட்களில் வேறு எந்தக் குழந்தையும் நினைவுக்கே வராது. பத்தொன்பதாம் நாள் காலையில் நான் உள்ளே போனபோது அந்தப் பெட்டி துடைக்கப்பட்டு, விரிப்பு மாற்றப்பட்டு, காலியாக இருந்தது.

இதை எழுதாமல் கடந்துவிட்டால், மேலே எழுதிய எதற்கும் மதிப்பில்லை. என் மகள் வீட்டுக்கு வந்தாள், அந்தத் தாயின் மகன் வரவில்லை. என் விசுவாசம் பெரிது என்பதனாலா? நிச்சயமாக இல்லை. "விசுவாசித்தால் நடக்கும்" என்று மேடையில் முழங்கப்படும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலிப் பெட்டி நினைவுக்கு வருகிறது. அந்தத் தாய் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அவள் மனம் என்ன பாடுபடும் என்று நடுங்குகிறேன். நடக்காமல் போனதற்குப் பிள்ளையை இழந்தவளின் விசுவாசக் குறைவே காரணம் என்று அந்த வாக்கியம் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அது கொடுமையானது, வேதத்துக்கும் பொருந்தாதது. தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச்சூளைக்கு முன் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆகிய மூவரும், தங்கள் தேவன் தங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று ராஜாவிடம் சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தாமல், "விடுவிக்காமற்போனாலும்" என்று தொடர்ந்தார்கள். நான் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். என் விசுவாசம் முழுவதும் அதற்கு முந்தைய வாக்கியத்தோடு முடிந்துபோயிருந்தது.

அன்றைய இரவு நான் தேவனோடு சண்டை போட்டேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஏன் அந்தப் பிள்ளை என்று கேட்டேன்; நாளை இந்தப் பிள்ளையா என்றும் கேட்டேன். பதில் எதுவும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆனால் கேட்டு ஓய்ந்த பிறகு, நான் யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேனோ அவரை விட்டு எழுந்து போக எனக்கு மனமில்லை என்பதைக் கண்டேன். போவதற்கு வேறு இடம் இல்லை என்பதும் ஒரு காரணம். அவர் அங்கே இருக்கிறார் என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது என்பது மற்றொன்று. அதுவரை நான் நம்பியது அவர் தரப்போகும் முடிவை. முடிவு எதுவும் கையில் இல்லாத அந்த இரவில்தான் அவரையே நம்பத் தொடங்கினேன் என்று பின்னோக்கிப் பார்க்கும்போது நினைக்கிறேன்.

131-ஆம் சங்கீதம் மிகச் சிறியது, மூன்றே வசனங்கள். அதில் தாவீது தன் ஆத்துமாவைத் தாயின் பால்மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறார். பல ஆண்டுகள் அதை வெறும் அமைதியின் படமாகவே வாசித்துவந்தேன். பாலூட்டிய பிறகுதான் அந்த உவமையின் நுணுக்கம் தெரிந்தது. பால் குடிக்கும் குழந்தை தாயின் மடிக்கு வந்த உடனே முகத்தைத் திருப்பித் தேடத் தொடங்கும். அதற்குத் தாயும் பாலும் வேறல்ல. பால்மறந்த குழந்தையும் மடிக்கு வருகிறது, ஆனால் எதையும் தேடாமல் வருகிறது. அது அந்த நிலைக்கு எளிதாக வந்துவிடுவதுமில்லை. பல இரவுகள் அழுது, கேட்டது கிடைக்காமல் ஏங்கி, அதற்குப் பிறகுதான் வருகிறது. 46-ஆம் சங்கீதத்தில் "அமர்ந்திருந்து" என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்கும், இறுகப் பிடித்த கை தளர்வது என்ற பொருள் உண்டு. பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும் நாம் பயப்படோம் என்று சொல்லும் சங்கீதம் அது. எல்லாம் சரியாகிவிட்ட பிறகு கையைத் தளர்த்து என்று அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை.

51-ஆம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பியபோது எல்லோரும் வாழ்த்தினார்கள். நானோ அன்றைக்குப் போல வேறு எந்த நாளிலும் பயந்ததில்லை. வீட்டில் மானிட்டர் இல்லை. அதுவரை வேண்டாம் என்று கண்களைத் திருப்பிக்கொள்ளப் பழகிய அந்த எண்களுக்காக ஏங்கினேன். முதல் சில வாரங்கள் நானும் என் கணவரும் இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தோம். கண் பரிசோதனைகள் ஒவ்வொன்றாக நல்லபடியாக முடிந்தன. விழித்திரையின் இரத்தக்குழாய்கள் மெல்ல முழுமையடைந்தன. இரண்டு வயதில், வலது காது ஏறக்குறைய கேட்கவில்லை என்பது தெரியவந்தது. படிப்பில் என்ன சிரமம் வரும், இன்னும் எது வெளிப்படும் என்பது போகப்போகத்தான் தெரியும். நிச்சயமின்மை ஒரு காலகட்டமாக வந்து முடிந்துபோகும் என்று நினைத்திருந்தேன். அது எங்களோடு அதே வீட்டில் வளர்கிறது. எல்லாப் பெற்றோர் வீட்டிலும் அது இருக்கிறது என்றும், எங்களுக்கு அது சற்று முன்னதாகவே அறிமுகப்படுத்தப்பட்டது என்றும் இப்போது தோன்றுகிறது.

யோகெபேத்தின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. பார்வோனின் குமாரத்தி, பிள்ளையை எடுத்துப்போய் வளர்த்துக் கொடு, சம்பளம் தருகிறேன் என்கிறாள். சொந்த மகனையே கூலிக்கு வளர்க்கும் விந்தையான கிருபை அந்தத் தாய்க்குக் கிடைக்கிறது. நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்த மகிழ்ச்சியில் நின்றுவிடுகின்றன. அடுத்த வசனத்தில் பிள்ளை பெரிதானபோது அவள் அவனைக் கொண்டுபோய்ப் பார்வோனின் குமாரத்தியிடம் விடுகிறாள், அவன் அவளுக்குக் குமாரனானான். இரண்டாம் முறை கொடுக்கிறாள். முதல் முறை, வைக்காவிட்டால் பிள்ளை சாகும் என்ற நெருக்கடி இருந்தது, அவனுக்கு மூன்று மாதமே ஆகியிருந்தது. இரண்டாம் முறை அவன் நடந்தான், பேசினான், அவளை அம்மா என்று அழைத்தான். அரண்மனை வாசலிலிருந்து அவள் எப்படித் திரும்பி நடந்தாள் என்று வேதம் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. எனக்கும் என் மகளை இன்னும் எத்தனை முறை கொடுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன். அவள் முதல்முறை பள்ளி வாசலுக்குள் தனியாக நடந்துபோன காலையில், காதுக்கருவியின் சிறிய நீல விளக்கு அவள் தலைமுடிக்குள் தெரிந்தும் மறைந்தும் போவதைப் பார்த்தபடி நின்றிருந்தேன். என் உதடுகள் அந்தப் பழைய வாக்கியத்தைத் தாமாகவே சொல்லிக்கொண்டிருந்தன.

அடுத்த பெட்டியின் தாயோடு எனக்கு இன்றும் தொடர்பு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, அவள் மகன் போன நாளில், நான் அவளை அழைப்பேன். நான் அவளுக்கு எந்த வசனத்தையும் சொல்வதில்லை. அவள்தான் ஒவ்வொரு முறையும் என் மகளைப் பெயர் சொல்லி விசாரிக்கிறாள்.

என் மகளுக்கு ஆறு வயதான பிறகும், படுக்கப் போகுமுன் அவள் அறை வாசலில் இருட்டில் நின்று, அவள் மூச்சை இருபது வரை எண்ணிவிட்டுத்தான் போவேன். அந்தப் பழக்கத்தைப் பற்றி என் கணவர் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. நேற்று இரவும் நின்றேன். அவள் கேட்காத காது மேலே இருக்கும்படி ஒருக்களித்து, வாயைச் சற்றே திறந்து, போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையை இழுத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஏழு வரை வந்திருப்பேன். கதவை மூடாமல் பாதி திறந்தபடியே விட்டுவிட்டு, என் படுக்கைக்குப் போனேன்.